இரவல் முற்றம்: ஓர் உலாவியின் ஊரும் எங்கள் எழுத்தும்

2014 மார்ச் மாதத் தொடக்கத்தில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் இயங்கிய ஒரு கணனி நிறுவனம், 2001 முதல் தான் நடத்தி வந்த எழுத்துக் களம் ஒன்றை மூடியது. 'மை ஒபேரா' என்பது அதன் பெயர். உலகப் பத்திரிகைகள் அன்று கிரைமியாவைப் பற்றி எழுதிக் கொண்டிருந்தன. எங்களவர்களின் கண் ஜெனீவாவில் இருந்தது. ஓர் இணைய உலாவியைப் பயன்படுத்தியவர்கள் கூடி எழுதிய இடம் மூடப்பட்டதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமிருக்கவில்லை.

அப்போது நாங்கள் நால்வர் சிட்னியின் மேற்கே வென்ற்வேர்த்வில்லில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நால்வரும் வெவ்வேறு உணவகங்களில் வேலை செய்தோம். கோப்பை கழுவி, தரை துடைத்து, கடைசி ரயிலைப் பிடித்து வீடு வரும்போது நடுச்சாமம் தாண்டிவிடும். உடனே நித்திரை வராது. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் நாங்கள் கைத்தொலைபேசியில் உலகைப் படித்தோம். மை ஒபேராவில் நாங்கள் எழுதியது கொஞ்சம், வாசித்தது அதிகம். அது மூடப்பட்டபோது எங்களுக்குள் எழுந்த கேள்விகள் இன்று வரை தீரவில்லை. ஓர் உலாவியின் கதையில் அகதிக்கு என்ன அலுவல் என்று கேட்பவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்கள் பார்வையில், கடந்த முப்பது ஆண்டுகளின் புலம்பெயர் எழுத்து வரலாற்றை உலாவியின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

*

முதலில் நோர்வேக் கதையைச் சொல்லி விடுகிறோம்.

1994 இல் நோர்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெலெநோரின் ஆய்வுப் பிரிவில் ஜோன் வொன் ரெட்ஷ்னர், கெயர் இவர்சோய் என்ற இருவர் ஓர் உலாவியை எழுதத் தொடங்கினார்கள். முதலாமவர் ஐஸ்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மொசைக் உலாவி 1993 இல் வந்துவிட்டது. நெற்ஸ்கேப் 1994 இன் இறுதியில் வந்தது. ரெலெநோர் இந்த முயற்சியைத் தொடர விரும்பவில்லை. அவர்கள் இருவரும் 1995 இல் வெளியே வந்து ஒபேரா என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். 1996 இல் அவர்களுடைய உலாவி பொதுமக்களின் கைக்கு வந்தது.

அது காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டமாக இருந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது உலாவியை விண்டோசுடன் சேர்த்து இலவசமாகவே கொடுத்தது. அந்தப் போட்டியில் நெற்ஸ்கேப் போன்ற பெரிய நிறுவனமே விழுந்தது. ஒபேரா பிழைத்துக் கொண்டதற்குக் காரணம் அதன் சிறுமை. ஆரம்ப காலத்தில் அது ஒரு பிளொப்பித் தட்டுக்குள் அடங்கியது. பழைய, வேகம் குறைந்த கணனிகளிலும் ஓடியது. புதுக் கணனி வாங்க வசதியில்லாதவர்கள் அதைத் தேடி வந்தார்கள். 2000 ஆம் ஆண்டில் விளம்பரங்களுடன் இலவசமாயிற்று. 2005 இல் விளம்பரங்களும் நீக்கப்பட்டன.

2001 இல் தொடங்கப்பட்ட மை ஒபேரா, ஆரம்பத்தில் உலாவியைப் பற்றி ஐயம் கேட்பதற்கும் விடை சொல்வதற்குமான இடமாகவே இருந்தது. நாளடைவில் ஒவ்வொருவரும் தமது பெயரில் ஒரு பக்கம் வைத்து எழுதவும், படங்களைச் சேமிக்கவும், ஒருவரோடொருவர் நட்புக் கொள்ளவும் ஏற்ற களமாக அது வளர்ந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், வியட்னாமியர், இந்தோனேசியர் எனப் பலர் அங்கே இருந்தார்கள். பெரும்பான்மை உலாவியைப் பயன்படுத்தாத சிறுபான்மையினர் என்பதே அவர்களைச் சேர்த்து வைத்த முதல் உறவு. ஏதாவது ஒரு வங்கியின் பக்கம் ஒபேராவில் திறக்கவில்லை என்றால் எல்லோருமாகச் சேர்ந்து முறைப்பாடு எழுதுவார்கள். சிறுபான்மையாக வாழ்ந்து பழகிய எங்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாகப் படவில்லை.

*

ஒஸ்லோவில் இது நடந்த அதே காலத்தில் தமிழ் எழுத்து எங்கே நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கதையின் ஒரு முக்கியமான பகுதி சிட்னியில் நடந்தது என்பது இங்கே வாழும் பலருக்கே தெரியாது.

அவுஸ்திரேலியா 1989 ஜூனில் இணையத்துடன் இணைந்தது. மெல்பேர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய்க்குச் செய்மதி வழியாகப் போட்ட ஓர் இணைப்புத்தான் வாசல். அதன் வேகம் வினாடிக்கு 56 கிலோபிற். இன்றைய கைத்தொலைபேசி ஒன்று தனியாகவே அதைப்போல் பல நூறு மடங்கு இழுக்கும். நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் முதலில் அந்த ஒற்றை இழையில் தொங்கின. 90களின் நடுப்பகுதியில்தான் சாதாரண வீடுகளுக்கு இணையம் வந்தது. அந்த வேளையில் மலேசியாவில் பிறந்து சிட்னியில் குடியேறியிருந்த பாலா பிள்ளை 'தமிழ் டொட் நெற்' என்ற தளத்தை நிறுவினார். அதே ஒலியுடைய செய்தித்தளம் ஒன்று 1997 இல் தோன்றியது. அது வேறு, இது வேறு. பாலா பிள்ளையின் தளம் உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் தமிழ் எழுத்திலேயே ஒருவருக்கொருவர் எழுதிக் கொள்வதற்காக எழுந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று.

தமிழ் எழுத்திலேயே எழுதுவது என்பது இன்று சின்ன விடயம். அன்றைக்கு அது பெரும் பாடு. கணனிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துக்களின் இலக்கங்கள் மட்டுமே. அந்த இலக்கங்களுக்கு மேல் தமிழ் உருவங்களை ஒட்டி வைத்து ஏமாற்றுவதுதான் அன்றைய தமிழ் எழுத்துருக்களின் வேலை. சுவிற்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். ஈழத்தவரின் அச்சகங்களிலும் சஞ்சிகைகளிலும் 'பாமினி' கோலோச்சியது. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்திருந்தது. ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது.

மெல்பேர்னில் டான்டினோங் பகுதியில் வாழும் ஒரு மூத்தவர் இதைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 90களின் பிற்பகுதியில் பாரிசில் இருந்த அவருடைய தம்பி, ஊரிலிருந்து வந்த தாயின் கடிதத்தைப் பாமினியில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். இவருடைய கணனியில் பாமினி இல்லை. திறந்து பார்த்தால் முதற் சொல்லே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஆங்கில எழுத்துக்களாக நின்றது. பாமினி இருந்திருந்தால் அது 'அம்மா' என்று தெரிந்திருக்கும். "தாயின்ரை கடிதம், வாசிக்கத் தெரியாமல் ஒரு கிழமை வைச்சிருந்தன் தம்பி" என்றார். பிறகு தம்பி எழுத்துருவைப் பிளொப்பித் தட்டில் போட்டுத் தபாலில் அனுப்ப, அது வந்து சேர்ந்த பின்னர்தான் கடிதத்தை வாசித்தாராம். மின்னஞ்சலை வாசிப்பதற்குத் தபாற்காரனைக் காத்திருந்த தலைமுறை அது.

இணையப் பக்கங்களுக்கு இன்னொரு சடங்கு இருந்தது. நெற்ஸ்கேப்பின் அமைப்புகளுக்குள் போய், 'பயனர் வரையறுத்தது' என்ற வகையைத் தெரிவு செய்து, அதற்கு இந்தத் தமிழ் எழுத்துருதான் என்று கைப்படச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்ததால் பத்திரிகைக்குப் பத்திரிகை இது மாறும். உலாவிக்குத் தமிழ்ப் பெயர் கூட அன்று உறுதியாகவில்லை. சிலர் மேலோடி என்றார்கள், சிலர் உலவி என்றார்கள், கடைசியில் உலாவி நிலைத்தது.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு தேடி 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு மாநாடு கூடியது. அங்கே முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் நா.கோவிந்தசாமி, அவர் 1999 இல் காலமானார். அடுத்த மாநாடு 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்தது. அதன் பின் தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்ற குறியீடுகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. புலம்பெயர்ந்தவர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் மின்னஞ்சலில் வாதாடியே 'திஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 2000 ஆம் ஆண்டில் 'உத்தமம்' என்ற அமைப்பு பிறந்தது. இவற்றில் ஈடுபட்ட பலர் பகலில் வேறு தொழில் செய்தவர்கள். கல்யாணசுந்தரம் ஒரு வேதியியலாளர்.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய கொடை மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று அது தொடங்கியது. தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தத்தம் வீடுகளில் தட்டெழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் பிழை திருத்தி, எவரும் இலவசமாக எடுத்துக் கொள்ளும்படி வைத்தார்கள். எந்த அரசும் பல்கலைக்கழகமும் கட்டளையிடாமல், சம்பளம் எதுவுமின்றிச் செய்யப்பட்ட வேலை அது. அது இன்றும் உயிரோடிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கோப்புகள் ஓரிடத்தில் பூட்டி வைக்கப்படவில்லை; ஆயிரம் பேர் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் மீண்டும் வருவோம்.

*

யூனிகோட் என்ற உலகப் பொது நியமத்தில் தமிழுக்கு 1991 இலேயே 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டு விட்டது. இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டுக் குறியீட்டை அடியொற்றி அது அமைந்தது. தமிழின் உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் தராததால் பல தமிழ் அறிஞர்கள் அதை எதிர்த்தார்கள். அந்த விவாதம் இரு தசாப்தங்கள் நீடித்தது. தமிழ்நாட்டு அரசு 2010 இல்தான் யூனிகோட்டை முறைப்படி ஏற்றது.

யூனிகோட்டில் 'கொ' என்று எழுதினால் கணனி ககரத்தையும் ஒகரக் குறியையும் மட்டுமே சேமிக்கிறது. கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் வைத்து உருவமாக்குவது திரையில் வரையும் மென்பொருளின் வேலை. ஆகவே தமிழின் தலைவிதி இயங்குதளத்தின் கையிலும் உலாவியின் கையிலும் போயிற்று. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் தமிழைக் கொண்டு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாதவருக்குக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஒபேரா 2001 இல் வந்த ஆறாவது பதிப்பில் யூனிகோட்டுக்கு மாறியது. பயர்பொக்ஸ் 2004 நவம்பரில் முதற் பதிப்பைக் கண்டது. ஆனால் அதில் நீண்ட காலம் ஒரு குறை இருந்தது: பத்தியின் இரண்டு ஓரங்களையும் நேராக்கினால் தமிழ் எழுத்துக்கள் சிதறி, புள்ளி ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சரியானது.

இந்தக் குறைகளை நிறுவனங்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பயன்படுத்தியவர்கள் படம் பிடித்து, விளக்கி எழுதி, திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் திருத்த வைத்தார்கள். உலாவியைச் சுற்றி ஒரு சமூகம் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த விடை இதுதான். கோடிக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள மொழிக்கு நிறுவனமே ஆள் வைக்கும். அரசு இல்லாத, சந்தை சிறுத்த மொழிக்காரர் தாமே கதவைத் தட்ட வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் கிடந்தவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையையும் நம்மவர்களே செய்தார்கள். ஈழத்தவரான சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றியைப் பயன்படுத்தாத வலைப்பதிவர் அன்று இருந்திருக்க மாட்டார். 2003 முதல் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 2004 இல் காசி ஆறுமுகம் அவற்றைத் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' தொடங்கினார். சிட்னியில் இருந்து கானா பிரபா 2005 முதல் 'மடத்துவாசல் பிள்ளையாரடி' என்ற பெயரில் எழுதினார். இணுவிலின் ஒரு கோயில் வாசலை அவுஸ்திரேலியாவில் இருந்து கொண்டு அவர் எழுதியது போல, பலர் தத்தம் ஊரின் வாசிகசாலையையும் ஒழுங்கையையும் கிணற்றடியையும் எழுதினார்கள். 80களிலும் 90களிலும் நோர்வேயின் 'சுவடுகள்', ஜேர்மனியின் 'தூண்டில்', சுவிற்சர்லாந்தின் 'மனிதம்' முதலிய சஞ்சிகைகள் செய்த வேலையின் ஒரு பகுதியை இப்போது வலைப்பதிவுகள் ஏற்றுக் கொண்டன. தாளும் தபாற்செலவும் இல்லாமல் எழுத முடிந்தது பெரிய விடுதலை.

*

எங்களுடைய பங்கு இதற்குப் பின்னர்தான் வருகிறது. எங்களில் ஒருவரிடமும் சொந்தக் கணனி இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த நாட்களில் எங்கள் கையில் இருந்தவை மலிவான நொக்கியாக்கள். அவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் சதுரப் பெட்டிகள் வரிசையாக நிற்கும்.

ஒபேரா நிறுவனம் 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிட்ட 'ஒபேரா மினி' அந்தப் பெட்டிகளைத் தமிழாக்கியது. அது வேலை செய்த விதம் எளிது. நாம் கேட்கும் பக்கத்தை நமது தொலைபேசி நேரே எடுப்பதில்லை. ஒபேராவின் வழங்கிகள் எடுத்து, பத்தில் ஒரு பங்கு வரை சுருக்கி அனுப்பும். பின்னர் வந்த பதிப்புகளில் ஓர் ஒளிந்திருந்த வசதி இருந்தது. முகவரிக் கட்டத்தில் 'ஒபேரா' என்று தட்டி, முக்காற்புள்ளி இட்டு, 'கொன்பிக்' என்று சேர்த்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துக்களைப் படமாக அனுப்பு என்ற தெரிவு இருக்கும். அதை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் போதும். தமிழை எழுத்தாக அல்லாமல் சிறு படங்களாக வரைந்து அந்த வழங்கி அனுப்பி வைக்கும். தொலைபேசிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் படம் தெரியும் அல்லவா?

இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பரப்பினார்கள். வங்காளியும் மலையாளியும் தமிழனும் ஒரே தந்திரத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். எங்களுக்கு இதைக் காட்டித் தந்தவர் விடுதியில் அடுத்த அறை நண்பர். "அண்ணை, பெட்டி பெட்டியாத் தெரியுதெண்டு நீங்கள் பேசாமல் விட்டிட்டீங்கள், இஞ்சை பாருங்கோ" என்று அவர் நீட்டிய திரையில் இரண்டு அங்குல அகலத்துக்குத் தமிழ் நின்றது. எழுத்துக்கள் சற்று மங்கல்தான். ஆனாலும் வாசித்தோம். போர் முடிந்த பின்னான அந்த ஆண்டுகளில் வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றை அறைக்குள் இருந்து வாசித்துவிட்டு, வாசித்த தடத்தை அழித்துவிட்டுப் படுப்போம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நாம் வாசித்த ஒவ்வொரு பக்கமும் தூரத்து நிறுவனம் ஒன்றின் கணனி வழியாகவே வந்தது. நம்முடைய கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் இன்னொருவர் நின்றார். அவர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு பிடிமானம் எங்களுக்கு இருக்கவில்லை.

2012 இல் நாங்கள் கடல் வழியாக இந்த நாட்டுக்கு வந்தோம். படிப்பு பாதியில் நின்றது. முகாமில் கணனி அறைக்கு முறை வைத்துப் போவோம். வெளியே வந்த பின், வேலைக்கு நடுவே கிடைக்கும் இருபது நிமிட ஓய்வில், உணவகத்தின் பின் கதவடியில் எண்ணெய் வாளியின் மேல் குந்தியிருந்து அதே சிறு திரையில் வாசித்தோம். மை ஒபேராவில் கணக்குத் திறந்து சிறு குறிப்புகள் எழுதியதும் அப்போதுதான்.

*

அந்த நேரத்தில் ஒபேராவே மாறிக் கொண்டிருந்தது. நிறுவனர் வொன் ரெட்ஷ்னர் 2011 இல் விலகினார். இவர்சோய் 2006 இலேயே இறந்து விட்டார். 2013 பெப்ரவரியில் நிறுவனம் தனது சொந்த உலாவி இயந்திரத்தைக் கைவிட்டு கூகிளின் வழியில் வந்த இயந்திரத்துக்கு மாறப் போவதாக அறிவித்தது. 2013 ஒக்ரோபர் முடிவில், மை ஒபேரா அடுத்த மார்ச்சில் மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. நான்கு மாத அவகாசம். எழுதியவற்றை வெளியே எடுத்துச் செல்ல வழியும் கொடுக்கப்பட்டது. 2016 இல் உலாவியும் ஒபேரா என்ற பெயரும் சீன முதலீட்டாளர் கூட்டொன்றுக்கு விற்கப்பட்டன.

வொன் ரெட்ஷ்னர் 2014 தொடக்கத்திலேயே 'விவால்டி' என்ற தளத்தைத் திறந்தார். அவருடைய அழைப்பின் பொருள் சுருக்கமானது: வீடிழந்தவர்கள் இங்கே வரலாம். உலாவி பிறகுதான் வந்தது. 2015 ஜனவரியில் முன்னோட்டமும் 2016 ஏப்ரலில் முதற் பதிப்பும் வெளியாயின. முதலில் உலாவி, பின்னர் அதற்கொரு சமூகம் என்பதே வழமை. இங்கே சமூகம் முதலில் குடியேறியது, உலாவி அதற்காகக் கட்டப்பட்டது. ஆயினும் பழையவர்கள் எல்லோரும் வந்து சேரவில்லை. பலர் பேஸ்புக்குக்குப் போனார்கள், பலர் எழுதுவதையே விட்டார்கள்.

இதை நாங்கள் எங்கள் இடப்பெயர்வோடு ஒப்பிடவில்லை. இணையப் பக்கம் மூடப்படுவதும் ஊர் எரிவதும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக வெளியேறியவர்களுக்கு எவரும் நான்கு மாத அவகாசம் கொடுக்கவில்லை. ஆனால் அவகாசம் கிடைத்தும் எடுத்துச் செல்லாமல் விட்டவை பற்றி நாங்கள் யோசிக்கிறோம். அது எங்களுடைய பிழை.

எங்கள் நால்வரில் ஒருவர் வேறொரு இலவசச் சேவையில் எழுதி வந்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். வன்னியில் கடைசி மாதங்களில் தன் குடும்பம் தங்கிய இடங்களை, ஒவ்வோர் இடத்திலும் யார் இருந்தார்கள், யார் இல்லாமற் போனார்கள் என்று ஒழுங்காக எழுதி, தமக்கையின் ஒரே புகைப்படத்தையும் அங்கேயே வைத்திருந்தார். சேவை மூடப்படும் அறிவித்தல் அவர் நெடுங்காலம் திறக்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. அவர் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்தெட்டுப் பதிவுகள். மீண்டும் எழுதலாமே என்றோம். "அப்ப ஞாபகம் இருந்தது, இப்ப எழுதினால் கதையாப் போயிடும்" என்றார். அதன் பின் அதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.

*

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் திரும்பவே இல்லை. அந்த நெருப்பிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம், ஒரு பிரதியை ஓரிடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அந்தப் பாடத்தைக் கற்றவர்களின் வேலை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி எல்லோரும் வாசிக்க வைத்தார்கள். புலம்பெயர் சஞ்சிகைகள் பலவற்றை இன்று அங்கேயே வாசிக்கலாம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. நூற்றுக்கணக்கில் மட்டுமே அச்சான 1990 ஆம் ஆண்டுச் சஞ்சிகையை இன்று தேடி எடுக்க முடிகிறது. யாரோ ஒருவர் பெட்டிக்குள் வைத்திருந்தார். உலகம் முழுவதும் வாசிக்கக் கிடைத்த 2008 ஆம் ஆண்டு வலைப்பதிவு இல்லாமற் போய் விட்டது. எவரும் வைத்திருக்கவில்லை, அது அங்கேயே இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். ஜியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்கள் 2019 முடிவில் அழிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அவையும் மூடப்பட்டன. தமிழ்க் கணிமையின் ஆரம்ப வாதங்கள் பல அவற்றோடு போயின.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இந்நாட்டின் தேசிய நூலகம் 1996 இலேயே 'பண்டோரா' என்ற பெயரில் இணையத் தளங்களைச் சேமிக்கத் தொடங்கியது. 2005 முதல் இந்நாட்டு முகவரி கொண்ட தளங்களை மொத்தமாகவும் சேகரிக்கிறது. 2019 மார்ச் முதல் எவரும் அவற்றைத் தேடிப் பார்க்கலாம். இங்கே வெளியாகும் எந்த நூலினதும் சஞ்சிகையினதும் ஒரு பிரதியை அந்நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2016 பெப்ரவரி முதல் மின் வெளியீடுகளுக்கும் அது பொருந்தும். எந்த மொழியில் எழுதினாய் என்று சட்டம் கேட்பதில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் எழுதியது என்று பிரித்துப் பார்ப்பதும் இல்லை. எங்களுடைய இருப்புக்கு நிரந்தர அனுமதி கோரும் வழி 2023 பெப்ரவரியில்தான் திறந்தது. எங்களுடைய எழுத்துக்கு அது எப்போதோ திறந்திருந்தது. நாங்கள் போய்த் தட்டவில்லை.

ஆகவே நாங்கள் நால்வரும் செய்து வருவதைச் சொல்லி முடிக்கிறோம். எழுதும் எதையும் வெறும் யூனிகோட் கோப்பாக மூன்று இடங்களில் வைக்கிறோம்: ஒன்று இங்கே, ஒன்று மெல்பேர்னில் அந்த மூத்தவரிடம், ஒன்று கனடாவில் ஒரு உறவினரிடம். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டுக் கட்டி வைக்கிறோம். பிறருடைய களத்தில் எழுதுவதை விடவில்லை. அங்கேதான் சனம் இருக்கிறது. ஆனால் அது இரவல் முற்றம் என்பதை மறப்பதில்லை. இரவல் முற்றத்தில் உட்கார்ந்து கதைக்கலாம், பிள்ளைகளை விளையாட விடலாம். பெட்டகத்தை அங்கே வைக்கக் கூடாது.

உங்களிடமும் பழைய பிளொப்பித் தட்டுகள் இருக்கும். பாமினியில் தட்டிய கடிதங்கள், நின்று போன சஞ்சிகையின் கோப்புகள், இறந்தவர் ஒருவரின் வலைப்பதிவு இருக்கும். இந்த வார விடுமுறையில் ஒன்றையாவது எடுத்துத் திறந்து பாருங்கள். முதற் சொல் 'எம், கே, அரைப்புள்ளி' என்று நின்றால் பயப்பட வேண்டாம். அதை மாற்றுவதற்கு வழி இருக்கிறது. நம்மவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.